காலி பாட்டில் போட்டி

"காலி பாட்டிலைக் கடைக்குத் திருப்பி அனுப்பி டெபாசிட் மீட்கிற போட்டியில, இந்தக் கிளைக்குத்தான் முதல் பரிசு!"

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. பரிசை அறிவித்த பெரிய அதிகாரி, ஆபீஸ் பெருக்கும் அக்காவையே மேடைக்குக் கூப்பிட்டார்.

"இத்தனை பாட்டில் எப்படிம்மா சேர்த்தீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "தெருத்தெருவா அலைஞ்சு பொறுக்கினாங்க சார்!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

அவள் வீட்டுக்கு வந்தால், வறண்ட குழாயடியில் குடத்தோடு மகள்.

"என்னம்மா பரிசு?"

"தண்ணி பாட்டில்."

மகள் ஆசையாக மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். சொட்டுக்கூட இல்லை.

முந்தின நாள் ஆபீஸில், மேனேஜர் வேன் நிறைய வாங்கி இறக்கிய புதுத் தண்ணீர் பாட்டில்களை அம்மாதான் ஒவ்வொன்றாகக் காலி செய்தாள். "எங்க தெருவுல தண்ணியே வரலை, ரெண்டு குடம் எடுத்துக்கட்டுமா சார்?" என்று கெஞ்சியும் பார்த்தாள்.

மேனேஜர் எரிந்து விழுந்தார். "குடமாவது கிடமாவது! பாட்டில் எண்ண ஆள் வர்ற நேரம், சாக்கடையில கொட்டு!"