வாசலில் கிடந்த செருப்பு

கோர்ட் கூடுவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. மாராத்தாள் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்து நின்றாள்.

“போட்டுக்கிட்டே வரலாம்மா,” என்றார் வக்கீல் குணசீலன்.

“இருக்கட்டுங்க. மில்லுலயும் இப்படித்தானுங்க, செருப்போட மெசின்கிட்டப் போகப்படாது. எங்கூட்டுக்காரரு செருப்பக்கூட அன்னிக்கு அந்த வாசப்படியிலருந்துதான் எடுத்துக் குடுத்தாங்க.”

குணசீலன் கேஸ் கட்டைக் கீழே வைத்தார். அவள் கணவர் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் மில் கேட்டுக்கு வெளியே பஞ்சு லாரியில் அடிபட்டு இறந்தார் என்று சொல்லி நிர்வாகம் கீழ்க்கோர்ட்டில் நஷ்டஈடு இல்லை என்று ஆக்கியிருந்தது. வீட்டுக்குப் போகிறவர் செருப்பை விட்டுவிட்டா போவார்? வேலைக்கு நடுவில் யாரோ கூப்பிட்டு வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்.

“இத ஏம்மா கீழ்க்கோர்ட்ல சொல்லல?”

“அய்யாமாரு முன்னால செருப்பப் பத்திப் பேசலாமுங்களா?”

குணசீலன் சொன்னதை நீதிபதி முழுவதும் கேட்டார். மாராத்தாளின் வெறுங்காலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, கீழே எழுப்பாத வாதத்தை அப்பீலில் முதன்முதலாக எழுப்ப முடியாது என்று மெதுவாகச் சொல்லி, தள்ளுபடி செய்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தும் அவள் தன் செருப்பில் காலை நுழைக்கவில்லை. நடந்ததில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருந்தது. தூணோரமாக நின்று யோசித்தாள்.

“அந்தச் செருப்பு ஊட்லதானுங்க இருக்குது. தொடச்சு வெச்சிருக்கறேன். இப்பவே பஸ்ஸேறிப் போயி எடுத்தாந்துட்டா, அய்யா நாளைக்குப் பாப்பாருங்களா?”