இறுக்கமான ஸ்பிரிங்

“இதுவும் இறுக்கமா இருக்கு” என்று சொல்லி, அந்தத் துப்பாக்கியையும் கண்ணாடி மேசைமேல் திருப்பி வைத்தாள் மார்னி.

கடையின் பூட்ஸ் அலமாரிக்குப் பின்னால் மறைந்து நின்றிருந்த ராய்ஸுக்கு அது புரியவே இல்லை. அவருடைய மகள் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள். முரண்டு பிடிக்கிற குதிரையின் பின்னங்காலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குறட்டால் ஆணி பிடுங்குகிற கை அது. அந்தக் கைக்கு ஒரு கைத்துப்பாக்கியின் ஸ்பிரிங் இறுக்கமாம்.

அதைவிடப் பெரிய உறுத்தல், அவள் பக்கத்தில் நின்ற ஆள். ஆல்டன், அவள் அம்மாவின் இரண்டாவது கணவர், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். துப்பாக்கியை ஏதோ அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி பிடித்திருந்தார்.

வயோமிங்கின் அந்தப் பள்ளத்தாக்கில், பிள்ளைகளுக்கு முதல் சேணத்தையும் முதல் துப்பாக்கியையும் அப்பாதான் பார்த்து வாங்கித் தருவார். அதிலும் ராய்ஸ், உடைக்குள் மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவர். ஊரில் பாதிப் பேர் இடுப்பில் இருப்பது அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. மார்னியிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்; “பார்க்கலாம்ப்பா” என்று நழுவிவிடுவாள். இப்போது அப்பாவை விட்டுவிட்டு ஆல்டனோடு வந்து நிற்கிறாள்.

கடைக்காரர் லைல் இன்னும் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். சின்னது என்றால் சுலபமாகத்தான் இருக்கும் என்று ஆல்டன் சொன்னது காதில் விழுந்ததும் ராய்ஸ் பல்லைக் கடித்தார்.

வகுப்பில் முதல் நாளே அவர் திருத்துகிற தப்பு அது. சுட்டதும் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாய்கிறது. ஸ்லைடு கனமாக இருந்தால் அந்தக் கனமே வேகத்தைப் பாதி வாங்கிக்கொள்ளும். சின்னத் துப்பாக்கியில் ஸ்லைடு லேசு. வேகத்தையெல்லாம் ஸ்பிரிங்தான் தாங்க வேண்டும், அதனால் ஸ்பிரிங் இறுகித்தான் இருக்கும். முதல் தோட்டாவை ஏற்ற, அந்த ஸ்பிரிங்கை எதிர்த்துக் கையால் ஸ்லைடை இழுத்தாக வேண்டும். இதெல்லாம் சொன்னால் ஏறாது, செய்தால்தான் ஏறும் என்று, இப்போதெல்லாம் வகுப்பில் ராய்ஸ் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. மாணவர்களையே இழுக்கச் சொல்லிவிடுவார்.

லைலும் கிட்டத்தட்ட அதையேதான் ஆல்டனுக்கு விளக்கினார். சட்டைக்கு மேலே புடைத்துக் காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, பிடிதான்; பிடி குட்டையாக இருந்தால் குனிந்தாலும் வெளியே தெரியாது என்றும் சொன்னார். ஆல்டன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலும் ராய்ஸுக்கு எரிந்தது.

“நீங்க இழுத்துப் பாருங்க” என்று மார்னி அதை ஆல்டனிடம் கொடுத்தாள். அவர் இழுத்தார். ஸ்லைடு பாதி வந்தது, முகம் சுருங்கியது, விட்டுவிட்டார்.

உடனே மார்னி அவர் கையைப் பிடித்து, கட்டைவிரலின் அடியை மெதுவாக நீவி விட்டாள். தன் கையை மகள் கடைசியாக எப்போது பிடித்தாள் என்று ராய்ஸ் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

ஆனால் புதிர் விடுபட்டுவிட்டது. ஸ்பிரிங் இறுக்கம் அவள் கைக்கு இல்லை, ஆல்டனின் கைக்கு. மகள் தன் வாழ்க்கையில் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்குகிறாள், அதுவும் இந்த ஆளுக்கு.

லைல் உள்ளே போய், வேறு ஒரு சின்னத் துப்பாக்கியோடு வந்தார். மூன்று பேரும் அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம். “இது எனக்கு வருது” என்றார் ஆல்டன். மார்னி வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்குமேல் ராய்ஸால் அலமாரிக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

“பல்லு பிடுங்குறவருக்குத் துப்பாக்கி எதுக்கு?” என்று கேட்டபடி வந்தார். “ஒரு ஊசி போட்டா எதிராளி மரத்துப்போயிடப் போறான்.”

ஆல்டன் கோபித்துக்கொள்ளவில்லை. “ஊசி போடவும் இந்த விரல் ஒத்துழைக்கணுமே ராய்ஸ். அதனாலதானே தொழிலையே விட்டேன்.”

ராய்ஸ் மகள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தத்தான் நினைத்தார், அது உடைந்து வந்தது. “என்னைக் கேட்டிருந்தா நான் பார்த்துக் கொடுத்திருக்க மாட்டேனா? துப்பாக்கியைப் பத்தி என்னைவிட இவருக்கு என்ன தெரியும்?”

லைல் எதையோ தேடுகிறவர் போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மார்னி, காலியாக இருந்த அந்தச் சின்னத் துப்பாக்கியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“அவருக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. ஆனா உங்களுக்குத் தேஞ்சுபோன அதே கட்டைவிரல் மூட்டு அவருக்கும் தேஞ்சிருக்கு, நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னுதான் அவர் கையை இரவல் வாங்கிட்டு வந்தேன். இதுல ஸ்லைடை இழுக்கவே வேணாம்: இந்த லீவரைத் தள்ளுங்க, குழலோட பின்பக்கம் மேல எழும்பும், தோட்டாவை உள்ள வச்சு அமுக்கி மூடிடுங்க.”