பட்டியலில் விட்டுப்போன விசிறி

போன ஈஸ்டர் அன்று, காலை ஜெபம் முடிந்ததும் என் மகள் பியூலா சொன்ன கதை இது, பிள்ளைங்களா.

கனவுக் கம்ப்யூட்டருக்கென்று எழுதிய பாகங்களின் பட்டியல் ஒன்று, பழைய கம்ப்யூட்டர்மேல் படுத்துக்கொண்டு பீற்றியதாம்: "என் செலவுக்குக் கற்பனைப் பணம் ஐந்து லட்சம்! பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட்டு, எல்லாம் உசத்தி. உனக்குக் காயலான் கடைதான், கிழடு!"

பழைய கம்ப்யூட்டருக்குள்ளே சுற்றிய குட்டி விசிறி பதறியது. ஆனாலும் கேட்டது: "அத்தனை பேரும் கொதிப்பாங்களே தம்பி, காற்று வீச யாரு?"

பட்டியல் தன்னையே மேலிருந்து கீழே படித்தது. ஒருவரும் இல்லை.

"அண்ணே, கடைசி வரி காலியாத்தான் இருக்கு. வர்றீங்களா?"

சந்தோஷத்தில் விசிறி சுற்றிய சுற்றில் தூசி பறந்து, பட்டியல் தும்மியது.

உங்க வீட்டு விசிறியிலும் தூசி இருக்கும் பிள்ளைங்களா. ஒரு துணி எடுத்துத் துடைச்சு விடுங்க.