மூன்று நாள் வரக்காப்பி

தாண்டிக்குடியில் மூடிப்போன களைக்கொல்லி ஆலைக்குக் கீழே, பட்டுப்போன காப்பித் தோட்டத்தில், ஆய்வுக்கு வந்த பெர்லின், செடிகளைக் கணக்கெடுத்தாள். மரச்சட்டத்தை மண்ணில் வைத்து, அதற்குள் முளைத்திருப்பதை எண்ண வேண்டும். மூன்று நாளாகச் சரிவில் இறங்கியும் எந்தச் சட்டத்துக்குள்ளும் ஒரு புல் இல்லை. இறங்க இறங்க அவளுக்குள் பயம் கூடியது.

"புல்லே இல்லாத எடத்துல என்னத்த எண்ணுறீங்க?" தோட்டத்துக் காவல்காரி கந்தம்மாள் வழக்கம்போல வரக்காப்பியை நீட்டினாள். "மாசமா இருக்கிற பொண்ணு, சூடாக் குடிங்க."

"விஷம் எதுவரைக்கும் எறங்கியிருக்குன்னு பாக்கணும்க்கா." பெர்லின் ஒரே மூச்சில் குடித்தாள். "மூணு நாளா உங்க காப்பியிலதான் ஓடுது."

"தண்ணி அப்பிடி. இந்தா, கீழ ஊத்துல மொள்ளுறது. கண்ணாடியாட்டம் கெடக்கும். பாசிகூடப் பிடிக்காது."

பெர்லினின் கை தானாக வயிற்றுக்குப் போனது. டம்ளரில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.