சாட்சிக் கையெழுத்து

கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் டெல்மர் தம்பியின் டையை மறுபடி இறுக்கினான். எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்கவில்லை. கழுத்து அப்படி இளைத்துப் போயிருந்தது.

"மாப்பிள்ளை மாதிரி இருடா. கொஞ்சம் நிமிர்ந்து நில்லு."

"நிமிர்ந்தா வலிக்குதுண்ணே. குனிஞ்சே கட்டிக்கிறேன், விடு," என்றான் கேலன்.

ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு முதல் கல்யாணம். குடலில் வந்த புற்று ஈரலுக்கும் ஏறியாயிற்று. இன்ஷூரன்ஸ் கிடையாது. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவனுக்கு அதை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

கேட்காத இடமில்லை. ஏழைகளுக்கான அரசுத் திட்டத்தில் கேட்டபோது, பிள்ளைகுட்டி உண்டா என்றார்கள். இல்லையென்றால் கான்சாஸ் மாநிலத்தில் ஏழையும் ஏழையில்லை.

முதியோர் திட்டத்துக்கு இன்னும் ஏழு வயது ஏற வேண்டும். உடம்பு முடியாதவர்களுக்கு ஒன்று இருக்கிறது, சேர்ந்தபின் இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். இரண்டு வருஷம் காத்திருக்க முடிகிறவனுக்கு மருந்து எதற்கு என்று கத்திவிட்டுப் போனை வைத்தான் டெல்மர்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. சர்ச்சில் பன்றிக்கறி விருந்து வைத்து வசூல் செய்தார்கள். பெட்ரோல் பங்கில் கேலன் படத்தை ஒட்டி, காசு போட ஒரு ஜாடி வைத்தார்கள். வந்ததெல்லாம் ஒரு ஊசிக்குக்கூடப் பத்தவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கடைசியில் நோரீன்தான் வழி சொன்னாள். பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டுகிறவள். அந்த வேலையோடு இன்ஷூரன்ஸ் வருகிறது. கட்டிய புருஷனையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

"நான் கேலனைக் கட்டிக்கிட்டா முடிஞ்சுது," என்றாள், தட்டைத் துடைத்துக்கொண்டே.

அண்ணன் தம்பி இருவருமே அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மருந்து ஏற்றினால் ஒரு வருஷம் இழுக்கலாம் என்பது டாக்டர் கணக்கு. அதுவும் நிச்சயமில்லையாம். இன்ஷூரன்ஸ் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் தொடங்கும். அதுவரை கேலன் தாங்கினால் சரி.

நோரீன் முன்பே வந்து நீதிபதி அறையில் நின்றிருந்தாள். பஸ் ஓட்டும் சட்டைக்கு மேல் இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டிருந்தாள்.

"மூணு மணிக்குப் பிள்ளைங்களை ஏத்தணுங்க. சட்டுனு முடிச்சு விடுங்க," என்றாள் நீதிபதியிடம்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளையின் அண்ணன் என்று டெல்மர் ஒருவன். இன்னொரு ஆளாக, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த வட்டாரத்துக்கே ஒரே நீதிபதி. அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. டெல்மரைப் பார்த்தார், நோரீனைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். காகிதங்களில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கட்டிவைத்துத்தான் ஆக வேண்டும்.

நலத்திலும் நோயிலும் என்று உறுதிமொழியைப் படித்துக்கொண்டே வந்தவர், சாவு பிரிக்கும்வரை என்ற இடத்தை மென்று விழுங்கிவிட்டார். நல்ல மனுஷர்.

"சம்மதம்," என்றாள் நோரீன், பின்சீட்டுப் பிள்ளைகளை அடக்குகிற அதே குரலில்.

கேலன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். டெல்மர் அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான்.

பிறகு கையெழுத்து. சொந்தப் பெயரை எழுத டெல்மருக்கு அவ்வளவு நேரம் ஆனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பிக்காக வந்த அழுகை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவன் அதைத் துடைக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு, பாவம், என்ன தெரியும்? கல்யாண வீட்டில் சிரிக்க ஒரு ஆளாவது வேண்டாமா என்று அவளாகவே சிரித்தாள்.

"மாப்பிள்ளை, பொண்ணுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறது?"

கேலன் நோரீனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி," என்றான்.

பள்ளிக்கூடத்து இன்ஷூரன்ஸில் ஒரு புருஷனுக்குத்தான் இடம். இருபத்தாறு வருஷமாக அந்த இடம் டெல்மருடையது. போன ஆகஸ்டு மாதம், இதே அறையில், இதே நீதிபதிக்கு முன்னால், டெல்மரும் நோரீனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்று, "எங்களுக்குள்ள ஒத்துவரலைங்க," என்று சொன்னார்கள்.