பெண் பார்க்க வந்த மூக்கு

"யாரும் பாக்கலையே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் சுலேகா.

"பாக்கலை. மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிச்சுட்டேன். மேல கல்லும் வச்சாச்சு" என்றார் அவள் கணவர் பரிதோஷ். மழையில் நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒளித்து வைத்தது வேறொன்றுமில்லை, கருவாடுதான். சுலேகாவின் தம்பி நேற்று அகர்தலாவிலிருந்து கொண்டுவந்தது. வந்த கையோடு பாதியைப் பூண்டும் மிளகாயும் அரைத்துப் போட்டு வதக்கி, குடும்பமே சட்டியை வழித்துச் சாப்பிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதானே வரப்போகிறார்கள் என்ற தைரியம். காலையில் போன் வந்தது, இன்றைக்கே வருகிறார்களாம்.

பத்மா நதிக்கு அக்கரையான கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கருவாடு என்றால் உயிர். கல்கத்தாவின் பழைய குடிகளான இக்கரைக்காரர்களுக்கோ பேரைக் கேட்டாலே குமட்டும். போன தடவை வந்த வரன் இக்கரை. மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்று, வீட்டுக்குள் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான்.

இன்றைக்கு வருகிற மித்ரா குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கல்கத்தாவின் பாக்பஜாரில் இருக்கும் அசல் இக்கரை. போதாக்குறைக்கு, மகள் மிதாலி வேண்டாமென்று சொல்லாத முதல் வரன் இது. பையனின் போட்டோவை வாங்கியவள் இன்னும் திருப்பித் தரவில்லை. இதுவும் தட்டிப்போனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது?

சுலேகா முந்தானையை இடுப்பில் செருகினாள். வினிகரில் பட்டையும் கிராம்பும் போட்டு அடுப்பில் கொதிக்கவிட்டாள். அடுப்புக்கரியை உடைத்துக் கிண்ணங்களில் போட்டுக் கட்டிலடியிலும் சமையலறை ஜன்னலிலும் வைத்தாள். மிதாலி எலுமிச்சைத் தோல் ஊறிய வெந்நீரில் தரையைத் துடைத்தாள். கொல்லையில் நின்ற எலுமிச்சை மரத்தின் இலைகள்தான் கடைசி ஆயுதம். கைநிறையக் கசக்கி மெத்தை உறைக்குள், திரைச்சீலை மடிப்பில், கரிக் கிண்ணத்தின் மேல் என்று கண்ட இடத்திலெல்லாம் திணித்தாள். விட்டால் புருஷனின் சட்டைப்பையிலும் திணித்திருப்பாள். பிறகு தேங்காய் நாரைப் பற்றவைத்துச் சாம்பிராணி போட்டதும், வீடு ஒரு வழியாகக் கோயில் மாதிரி ஆனது.

மித்ரா வீட்டார் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார்கள். வழியில் சந்தையில் தனக்கொரு சின்ன வேலை இருந்தது என்று மாப்பிள்ளையின் அம்மா பிரதிமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பெரிய கைப்பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தாள். அருகில் போனால் கம்மென்று காபி மணம். பெரிய இடம், காபிதான் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று சுலேகாவுக்கு உதறல் எடுத்தது. வீட்டில் டீத்தூளை விட்டால் வேறு கிடையாது.

"காபி வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம். எங்க வீட்டுல காபிய யாரும் தொடவே மாட்டோம். டீயே குடுங்க."

எவ்வளவு பெருந்தன்மை என்று சுலேகா உருகிப்போனாள்.

மிதாலி ஷிங்காரா சமோசாவும் சந்தேஷ் இனிப்பும் வைத்த தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பையன் அவளைப் பார்த்தான், அவள் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் கைகூடி வருகிற நேரம் பார்த்து வீட்டுப் பூனை புல்டி உள்ளே வந்தது. நேராகப் பிரதிமாவின் காலடிக்குப் போய்க் கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா மித்ரா மூக்கை உறிஞ்சினார். சந்தேகத்தோடு மறுபடியும் உறிஞ்சினார்.

"ஏதோ வாடை வருதே?"

பரிதோஷ் கூரையைப் பார்த்தார். மிதாலியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நாற்காலிக்கு அடியில் துடைக்காமல் விட்டுவிட்டோமோ என்று சுலேகா குனிந்து பார்த்தாள்.

"மழைன்னா சாக்கடை வாடை வரத்தான் செய்யும். நம்ம தெருவுல வரலையா? நீங்க பேசாம சந்தேஷை எடுத்துக்குங்க" என்றாள் பிரதிமா.

மனிதர் அடங்கிவிட்டார். சுலேகாவுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

ஆனால் அடுத்த நிமிடமே பிரதிமா எழுந்து, சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பையையும் விடாமல் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே வந்தவள் ஜன்னலோரக் கரிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டாள். அதன் மேல் கசங்கிக் கிடந்த எலுமிச்சை இலையை எடுத்து முகர்ந்தாள். முகர்ந்துவிட்டுச் சுலேகாவை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று சுலேகாவுக்குக் கண் கலங்கியது. பழியைத் தானே ஏற்றுக்கொண்டு, மகளை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சலாமென வாயெடுத்தாள்.

அதற்குள், பின்னாலேயே வந்த புல்டி ஒரே தாவலில் பையைப் பற்றி இழுத்தது. உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்து பிரிந்தது. தரையெல்லாம் காபிப் பொடி. அதன் நடுவே, சந்தையில் வாங்கிய நல்ல முற்றிய கருவாடு.

பிரதிமா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கணவர் சந்தேஷில் மூழ்கியிருந்தார். கதவை மெல்லச் சாத்தினாள்.

"அவரு மூக்குதான் இக்கரை, நான் அக்கரை" என்றாள் ரகசியமாக. "எலுமிச்சை இலை இன்னும் கொஞ்சம் இருக்கா, சம்பந்தியம்மா?"