பன்னிரண்டாம் நோன்பு

இந்த ரமலானில் முப்பது நோன்பையும் விடாமல் பிடிக்கப்போவதாக, யாரும் கேட்காமலே, அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் தாஜுதீன். பதினோரு நாள் பிடித்தும் விட்டார். பன்னிரண்டாம் நாள் மதியம் அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. பேக்கரி வாசனைதான் இழுத்துக்கொண்டு போனது. தேங்காய் பன் ஒன்றை வாங்கி, யாரும் போகாத பழைய ஃபைல் அறைக்கு நடந்தார். பொறுக்காமல் வாசலிலேயே ஒரு கடி கடித்துவிட்டுக் கதவைத் தள்ளினார்.

உள்ளே, ஃபைல் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்து மேசை சுகந்தி. அவரைக் கண்டதும் டிபன் பாக்ஸைப் பதறி மூடினாள்.

"மன்னிச்சுக்கங்க பாய். நீங்க நோன்பு வெச்சிருக்கப்போ எதிர்ல உக்காந்து சாப்பிட மனசு வரல. முதல் நாள்லேர்ந்து இங்கதான் சாப்பிடுறேன்."

அவர் பன்னை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வாயில் இருந்ததை மெல்லவில்லை.

"எங்கம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் பாய். நோன்பு திறக்கிறப்போ அவங்களுக்காக ஒரு துஆ கேளுங்க. நீங்க கேட்டா கிடைக்கும்."

தலையை மட்டும் ஆட்டினார். அவர் பேசாமல் நிற்பதைக் களைப்பென்று எண்ணி, அவள் எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் மின்விசிறியைப் போட்டுவிட்டாள்.

மாலையில் பள்ளிவாசலில், கஞ்சிக் கோப்பைகளுக்கு முன்னால் எல்லோரும் கையேந்தினார்கள். தாஜுதீனும் ஏந்தினார். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அல்லாவே," என்றார் வாய்க்குள், "என்னப் பாக்காம, அந்தப் பொண்ணப் பாத்துக் குடு."